ஒரே நாளில் திருகோணமலை காட்டுவோருக்கு

சுற்றுலா பஸ், வேன் ஒழுங்கு செய்வோருக்கும், பாடசாலைச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும், கோவில் யாத்திரைக் குழுத் தலைவர்களுக்கும், அந்த வண்டிகளை இரவிரவாக ஓட்டிவரும் சாரதிமாருக்கும் எழுதுவது.

உங்கள் பயண நிரல் எங்களுக்கு மனப்பாடம். விடியப்புறம் புறப்பாடு, பதினொரு மணிபோல ஊருக்குள் நுழைவு, கோணேசர் கோவில், சாப்பாட்டுப் பார்சல், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளியில் ஒரு முழுக்கு, பொழுதுபட முன்னர் திரும்பல். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாத நேரத்தைத் தேடிப் பிடித்து வந்து சேருகிறீர்கள். கோணேசருக்கு நடை சாத்தும் வேளை. வெந்நீருக்கு ஊரே வெந்துகொண்டிருக்கும் வேளை. கடலுக்குக் காற்று எழும்பிய வேளை. வந்த சனம் வீட்டுக்குப் போய் ‘திருகோணமலை பார்த்தாச்சு’ என்று சொல்கிறது. பிறகு ஏன் திரும்பி வரப்போகிறது?

நாங்கள் கேட்பது புதிய இடம் எதையும் நிரலில் சேர்க்கச் சொல்லி அல்ல. இருக்கிற இடங்களில் இரண்டைக் குறையுங்கள், ஓர் இரவு தங்குங்கள், ஒரே இடத்துக்கு இரண்டு தடவை கூட்டிப் போங்கள். இந்த ஊரில் காலையில் பார்த்த இடமும் பின்னேரம் பார்க்கும் இடமும் ஒன்றல்ல. அதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. கிழக்கே திறந்த கடல், மேற்கே மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம், இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய இடுப்புபோல நகரம். டச் பே கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். அதே ஆள் பின்னேரம் உட்துறைமுக வீதிக்கு ஆறுதலாக நடந்துபோய், அதே சூரியன் துறைமுகத்துக்கு அப்பால் மலைக்குப் பின்னே இறங்குவதைப் பார்க்கலாம். வாகனமே தேவையில்லை. இலங்கையில் இப்படி நடந்தே இரண்டையும் பார்க்கக்கூடிய நகரம் அதிகமில்லை.

முதலில் கோட்டை. பிரெட்ரிக் கோட்டை வாயிலுக்குள் வேனும் காரும் போகும் என்பதால் எல்லோரையும் இருந்த இருக்கையிலேயே ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறீர்கள். வாயிலுக்கு வெளியே இறக்குங்கள். அங்கேதான் இந்த ஊரின் கதை கல்லில் இருக்கிறது. வாயிற் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் தமிழ்க் கல்வெட்டின் துண்டும் உள்ளன. குளக்கோட்டன் என்ற மன்னன் மூட்டிய கோவில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று தீர்க்கதரிசனம் சொல்லும் பாட்டு அது. சொன்னபடியே நடந்தது. போர்த்துக்கேயர் 1622இல் மலைக்கோவிலை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். கோவில் கல் கோட்டை வாயிலில் நின்று கோவில் இடிந்த கதையைச் சொல்கிறது. இதைத் தாண்டி ஏசி வேனில் போவது அநியாயம்.

எழுத்து தேய்ந்து கிடக்கிறது. நேரே நின்று ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் வெறும் சாம்பல் கல்தான் விழும். போன் ரோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி சரிந்து விழும்போது பள்ளத்தில் நிழல் தேங்கும், மீனின் முதுகும் எழுத்தின் வளைவும் எழும்பி வரும். சோக்கட்டியால் தேய்க்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டும் கல்லை இன்னும் தின்னும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. எனவே படமெடுக்க முன்னர் காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை வாயிலிலேயே சொல்லிவிட வேண்டும், மேலே போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும்.

வாயிலிலிருந்து மேலே போகும் வழியில்தான் புள்ளிமான்கள். பஸ் நின்றதும் பிஸ்கட் பக்கற்றோடு பாய்கிறவர்கள் உங்கள் ஆட்கள்தான். மான் அசைபோடும் விலங்கு. உப்பும் எண்ணெயும் மணக்கிற பொலித்தீன் உறையை அது தீனியோடு சேர்த்தே விழுங்கும். விழுங்கியது முதல் இரைப்பையில் தங்கிவிடும், செரிக்காது, வெளியே வராது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து பந்தாகித் தீனிக்கு இடமில்லாமல் போகும். வயிறு நிறைந்த நிலையிலேயே அந்த மான் பட்டினியால் மெலியும். ஆகவே தீனி வேண்டாம், சாப்பாட்டுப் பார்சலைக் கோட்டைக்குள் பிரிக்கவே வேண்டாம். இரவில் மான்கள் ஊர் வீதிகளுக்கும் கடற்கரைக்கும் இறங்கும். கோட்டையை அண்டிய வீதிகளில் சாரதிமார் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலைக்கு நேரம் இரண்டு. ஒன்று விடியல். ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் இங்கே சூரியன் எழும்பும், ஆகவே ஐந்தரைக்கு மலையடியில் நின்றால் போதும். கல் குளிர்ந்திருக்கும், செருப்பில்லாக் காலுக்கு இதம். காலைப் பூசை மணி, கீழே பாறையில் அலை மோதும் சத்தம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடும்போது குரைகடல் என்று ஏன் சொன்னார் என்பது அந்த நேரத்தில் காதால் விளங்கும். பதினொரு மணிக்கு வந்தால் ஒலிபெருக்கியும் உங்கள் பஸ் ஹோர்னும்தான் கேட்கும். அந்த நேரத்தில் தளக் கல் சுடுவதால் வயதானவர்கள் நிழலுக்கு நிழல் ஓடுகிறார்கள், கும்பிட வந்தவர்களுக்குக் கும்பிட மனம் நிற்பதில்லை.

மற்ற நேரம் பிற்பகல் மூன்று மணியிலிருந்து நாலரை வரை. மலைப்பாறை பிளந்து கடலுக்கு இறங்கும் இராவணன் வெட்டுக்கு உரிய நேரம் இதுதான். காலையில் சூரியன் முகத்துக்கு நேரே கடலிலிருந்து அடிப்பதால் தண்ணீர் முழுக்க வெள்ளிப் பளபளப்பு, உள்ளே எதுவும் தெரியாது. பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னே போய்விடும், மினுக்கம் அடங்கும். மேலிருந்து குனிந்து பார்த்தால் பாறையின் கால் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் பச்சை, சற்று அப்பால் நீலம், அதற்கப்பால் மையிருட்டு நீலம் என்று ஆழம் மாறுவது கோடு கிழித்ததுபோலத் தெரியும். அந்தப் பச்சைத் துண்டை ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். ஆமை மூச்சு வாங்க மேலே வந்தால் முதலில் தெரிவது ஒரு பழுப்பு வட்டம், பிறகு தலை. ஐந்து மணி தாண்டினால் மலையின் நிழலே தண்ணீரை மூடிவிடும்.

அந்த ஆழம் சும்மா வந்ததல்ல. துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்கிப் போகிறது. கரைக்கு இத்தனை அருகில் ஆழம் இருப்பதால்தான் திமிங்கிலங்களும் கரையை அண்டி வருகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலையில் நிற்பவர்களிடம் ஒரு தொலைநோக்கி இருந்தால் நீர்த்தூண் எழுவதை அங்கிருந்தே தேடலாம். போட்டில் போகிறவர்கள் விடியவே போக வேண்டும். போட்டுக்காரரிடம் ‘கிட்டப் போ, கிட்டப் போ’ என்று கத்த வேண்டாம். துரத்தினால் அது ஆழத்துக்குப் போய்விடும், உங்கள் காசும் அதோடு போய்விடும்.

மலையிலே தொட்டில் கட்டியிருக்கும் மரத்தைக் காட்டுகிறீர்கள், நல்லது. அது பிள்ளைவரம் வேண்டிக் கட்டியது. பொம்மையைத் தொட்டுப் பார்க்கும் சிறுவர்களைப் பக்குவமாக விலக்கிவிடுங்கள். ஒல்லாந்தப் பெண் பிரான்சினா காதலன் கப்பலேறிப் போக மலையிலிருந்து குதித்த கதையையும் மறக்காமல் சொல்கிறீர்கள். 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் உண்மை. குதித்த கதைதான் ஆட்டம் காண்கிறது, அவர் பிறகு மணம் முடித்து வாழ்ந்ததாக ஒல்லாந்தர் பதிவுகள் காட்டுகின்றன. இந்தப் பொய்க்குச் செலவாக்கும் பத்து நிமிடத்தை ஓர் உண்மைக்குக் கொடுங்கள். 1950இல் கடற்கரைக்கு அருகே கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. இடிபாட்டுக் காலத்தில் யாரோ ஒளித்துவைத்துவிட்டுப் போனவை. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்து, மலையில் கோவிலைத் திரும்பக் கட்டி, 1963 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி மலையடிக் கடலில் பழைய கோவிலின் தூண்களையும் கற்களையும் கண்டார். கிணற்றடியும் கடலடியும் திருப்பிக் கொடுத்த கோவில் என்றால் எந்தப் பிள்ளைக்கும் காது விரியும்.

கதையின் மறுபாதி தம்பலகாமத்தில். நகரிலிருந்து கண்டி வீதியால் ஏறத்தாழ 24 கிலோமீற்றர். மலைக்கோவில் இடிபட்டபோது காப்பாற்றிய திருமேனிகளை வைத்து வழிபட்ட இடம் ஆதிகோணேஸ்வரம் என்பது ஊர் மரபு. மலையில் கடல் இரைச்சல், இங்கே வயல்வெளி அமைதி. கண்டி, கொழும்புப் பக்கமிருந்து வரும் பஸ்கள் எல்லாம் இதற்கு அருகால்தான் ஓடி வருகின்றன, நிற்பதில்லை. திரும்பும்போது ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். எருமைத்தயிர்ச் சட்டியும் அங்கே வாங்கலாம். வாங்கிய சட்டியை மடியில் வைத்திருங்கள், பஸ் கூரைக்குக் கீழே உள்ள தட்டில் வைத்தால் முதல் வளைவிலேயே பின்வரிசைக்காரர் தலையில்.

கன்னியாவுக்கு வருவோம். நகரிலிருந்து அநுராதபுரம் வீதியால் எட்டுக் கிலோமீற்றர் அளவில். ஏழு கிணறு, ஏழும் சதுரக் கட்டு, ஆழம் மூன்று நான்கு அடிதான், அடித்தளம் தெரியும். சூடு ஒன்றுக்கொன்று சற்று வேறு: சில உடம்புச் சூட்டை ஒட்டி, சில அதற்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். வெளியிலேயே முப்பத்தைந்து பாகை கொதிக்கும்போது நாற்பது பாகைத் தண்ணீர் யாருக்கு உறைக்கும்? ‘இதுதானா வெந்நீர்?’ என்ற ஏமாற்றம் தண்ணீரின் குற்றம் அல்ல, நேரத்தின் குற்றம். விடியலில், அதுவும் மார்கழி தை மாதங்களில், தோல் குளிர்ந்திருக்கும்போது வாருங்கள். ஏழிலும் கையை நனைத்துப் பார்த்து, சூடு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதல் வாளியைக் காலில், அடுத்ததை முழங்காலில், பிறகு தோளில், கடைசியாகத் தலையில். முதல் வாளியே தலையில் ஊற்றினால் சிலருக்குத் தலை சுற்றும், இரத்த அழுத்தக்காரரும் கர்ப்பிணிகளும் காலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. சவர்க்காரமும் ஷாம்பூவும் வேண்டாம், கட்டுத் தாழ்வு என்பதால் நுரை திரும்பவும் கிணற்றுக்குள்தான் தெறிக்கும்.

இன்னொன்று. இராவணனுடைய தாயின் இறுதிக்கிரியைக்காகத் தோன்றிய ஊற்றுகள் என்பது ஐதீகம். இப்பகுதிச் சைவர்கள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்கு வரும் வழக்கம் அதனால் வந்தது. ஈர வேட்டியோடு ஒரு குடும்பம் நிற்கக் கண்டால் அது குளியல் விளையாட்டு அல்ல. பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு, அவர்கள் முடிக்கும் வரை தள்ளி நில்லுங்கள்.

உயர்தர வரலாறு படிக்கும் மாணவரோடு வருகிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல். கன்னியாவோடு திரும்பிவிடாமல் பெரியகுளத்துப் பக்கம் உள்ள வெல்கம் விகாரைக்கும் போங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், ஊரார் நாதனார் கோவில் என்பார்கள். தமிழர் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைத் தமிழிலேயே பொறித்த கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. சோழர் என்றால் சிவன் கோவில், பௌத்தம் என்றால் சிங்களம் என்று பாடப்புத்தகம் போட்டுத் தந்த கோடு அந்தக் கல்லின் முன்னால் நில்லாது. வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

கடல் விடயத்தில் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை கடல் தெளிவு. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக்காற்று, மழை, கரையை இழுக்கும் அலை. புறாத்தீவுக்குப் போட் ஓடாத நாட்கள்தான் அதிகம். டிசம்பர் விடுமுறையில் புறாத்தீவு காட்டுவதாகக் காசு வாங்கிக்கொண்டு வந்து கரையில் நின்று கையைப் பிசையாதீர்கள். அந்த மாதங்களுக்கு இந்த ஊரில் கோவிலும் கோட்டையும் வெந்நீரும் போதும்.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும் (கடலை இல்லை, காற்று). தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் வரட்டுக் காற்று. அதனால்தான் கரையோரம் குளம்போலக் கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆபத்தும் அதில்தான். காற்றடித்த ரியூப், மெத்தை, வாத்து மிதவை எதையும் அந்த நாட்களில் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அலை இல்லாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள், காற்று மிதவையை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே போகும், நீந்தத் தெரியாத பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது கால் எட்டாத ஆழத்தில் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் பெரியவர் ஒருவர் கடலுக்கு முதுகும் கரைக்கு முகமுமாக எப்போதும் நிற்கட்டும்.

புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். முதல் போட்டுகளில் போனால் தண்ணீர் கலங்க முன்னர் பார்க்கலாம், நீண்ட வார விடுமுறையில் பத்து மணிக்குப் பிறகு தீவில் தலைதான் தெரியும். பவளம் உடைவது பெரும்பாலும் வேண்டுமென்று அல்ல. நீந்தத் தெரியாதவர் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறிக் காலை ஊன்றுகிறார், ஊன்றுவது பவளத்தின்மேல். ஆகவே முகமூடி போட்டு மூச்சுவிடப் பழகுவதை நிலாவெளியின் மணல் கரையிலேயே அரைமணி நேரம் செய்துவிட்டுப் போட்டில் ஏறுங்கள். மிதவை அங்கி கட்டாயம். பொலித்தீன் பையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடக்கும்போது ஓர் இரண்டாம் உலகப் போர்க்கால இடுகாடு வரும். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை குலையாமல் பராமரிக்கிறார்கள். கல்லறைகளில் வயதைப் பாருங்கள். உயர்தர வகுப்பைத் தாண்டிச் சில வருடம்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அன்று அழிந்தது. மொத்தம் 101 கட்டியதில், பின்னர் இன்னொன்றும் போய், இன்று 99. கோட்டைக்கு அருகே எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரின் கிடக்கிறார். 1852இல் பர்மாவில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவர்களே இதை அறியாமல் போகிறார்கள்.

மாலைக்கு இன்னோர் இடம் கிண்ணியாப் பாலம். முன்பு ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறி மணிக்கணக்காகக் காத்துக் கடந்த இடம், 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள். பாலத்தின்மேல் வாகனத்தை நிறுத்தாதீர்கள், கரையில் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். நேரமிருந்தால் அதே வீதியால் மூதூருக்கு. மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக்குடா அது. 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டது அங்கேதான், நினைவுக்கல் இருக்கிறது.

இவ்வளவையும் எப்படி அடக்குவது? முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஊருக்குள் வாருங்கள். மூன்றுக்குக் கோட்டை வாயில், பிறகு மலை, இராவணன் வெட்டு, மாலைப் பூசை, டச் பேயில் காற்று வாங்கல், இறால் வடை. மறுநாள் ஐந்தரைக்கு மறுபடியும் மலை, ஆம், அதே மலை. எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு. பிறகு உங்கள் குழுவைப் பொறுத்து: பிள்ளைகள் என்றால் நிலாவெளி, யாத்திரிகர் என்றால் பத்திரகாளி அம்மன் கோவிலும் தம்பலகாமமும், மாணவர் என்றால் கல்வெட்டுகள். கன்னியா வேண்டுமென்றால் மலையின் விடியலை விட்டுக்கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரு விடியல் போதாது. அதற்குத்தான் அடுத்த வருடம் வரச் சொல்கிறோம். ஒரு நாள் மட்டும்தான் கிடைக்கும் என்றால் இரவே புறப்பட்டு ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள், நிலாவெளியைக் கைவிடுங்கள்.

சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வாசல்களில் நிறைகுடமும் வாழையும், வீதி நிறையச் சனமுமாக இருக்கும். சுவாமி வரும் வீதியில் பஸ்ஸை விட்டால் நடுச்சாமம் வரை எடுக்க முடியாது. வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். சுவாமி எந்த வீதியால் வருகிறார் என்பதை அன்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரவாசிகள் சிலர்